உன் மாமனார் கட்டிவிட்ட வாட்ச்

பாபு,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பார்சலும் வந்திருக்கும். கடிதத்துக்கு முன்னால் அதைத்தான் பிரித்திருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். பரவாயில்லை. உள்ளே இருப்பதை மேசைமேல் வை. எந்தப் பட்டனையும் அழுத்தாதே. முதலில் இதைப் படித்து முடி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று அடுக்கிவிட்டு வைத்துவிடுவாய். அப்புறம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டால் உனக்கே தெரியாது. எழுதி அனுப்பினால் தூக்கம் வராத ஒரு ராத்திரியாவது எடுத்துப் பார்ப்பாய் அல்லவா.

கல்யாணம் முடிந்த கையோடு, லீவு இல்லை என்று புனேவுக்கு ரயில் ஏறிவிட்டாய். வீடு பார்த்து வைக்கிறேன், ஆடி கழிந்ததும் கலையை அனுப்புங்கள் என்றாய். நியாயம்தான். நீ போன பிறகு கலை உன் துணிகளை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தட்டில், உன் பழைய காலேஜ் புத்தகங்களுக்கு அடியில், அந்த வாட்ச் டப்பா கிடந்தது. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவரும்போது டப்பாவையும் கூடையில் போட்டு எடுத்து வந்தாள். "மாமா, இத்த மறந்துட்டுப் போயிட்டாரு போல கீது. ஓடலன்னு நெனச்சாரோ இன்னாவோ, கொஞ்சம் பாருங்க" என்றாள். மறந்துவிட்டாய் என்றுதான் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது கேரியர் மூடியையே திருகிக்கொண்டிருந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இத்தனை வருஷம் வாட்ச் கடை வைத்திருக்கிறேன். வாங்குகிறவன் முகம் எது, சும்மா பார்க்க வந்தவன் முகம் எது என்று தெரியாவிட்டால் எப்போதோ கடையை மூடியிருப்பேன். மறதி என்பதை அவள் நம்பவில்லை. மறந்த பொருள் புத்தகத்துக்கு அடியில் போய் உட்காராது.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் கலை புனேவுக்கு வருகிறாள், அவளைக் கொண்டுவந்து விட அவள் அப்பாவும் கூட வருகிறார். ரயிலை விட்டு இறங்கியதும் அவள் கண் முதலில் உன் முகத்துக்குப் போகும், அடுத்து உன் இடது கைக்குப் போகும். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டாள். கேட்டாலாவது நீ ஒரு பதில் சொல்லிச் சமாளிக்கலாம். கேட்காமல் மனசில் வைத்துக்கொண்டால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும். குடும்பம் தொடங்குகிற நாளிலேயே அப்படி ஒன்று அங்கே உட்காரக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீ ஏன் அதைக் கழற்றி வைத்தாய் என்பது எனக்கும் தெரியும். நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். மாப்பிள்ளைக்கு வாட்ச்சும் மோதிரமும் போடுவது நம் பக்கத்து வழக்கம். உன் பெரியப்பா பையனுக்கு அவன் மாமனார் தங்கக் கலரில் பளபளவென்று புதுசாக ஒன்று போட்டார். உன் மாமனாரோ டப்பாவைத் திறந்து, கீறல் விழுந்த பழைய ஸ்டீல் செயின் வாட்ச் ஒன்றை எடுத்து உன் கையில் மாட்டினார். போட்டோக்காரன் கையைத் தூக்கச் சொன்னான். நீ தூக்கினாய், அது வழுக்கிக்கொண்டு முழங்கைவரை போனது. உன் சிநேகிதன் ஒருத்தன், "மாமனார் உனுக்கு வாட்ச் போட்டாரா, வளையல் போட்டாரா?" என்றான். மேடையே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு அதைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தாய், பெரிய செகண்ட் முள் அசையாமல் நின்றது. ஓடாத பழசு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்துவிட்டாய். அன்றைக்கே நான் உன்னிடம் பேசியிருப்பேன். ஆனால் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று உன் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெரியாமல் நினைத்ததற்கு உன்னைத் திட்டமாட்டேன். அந்த வாட்ச்சுக்குக் குரோனோகிராஃப் என்று டப்பாவில் போட்டிருக்கும். நம்மூரில் அதை மூணு கண்ணு வாட்ச் என்பார்கள். டயலுக்குள் மூன்று குட்டி டயல், ஓரத்தில் நேரம் திருப்புகிற சாவிக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். அதில் எப்போதும் ஓடுவது ஒரு குட்டி டயலுக்குள் இருக்கும் சின்ன செகண்ட் முள்தான். பெரிய செகண்ட் முள் பட்டனை அழுத்தினால்தான் ஓடும், மற்ற நேரமெல்லாம் பன்னிரண்டில் சும்மா நிற்கும். நான் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து வெறும் வாட்ச் பெல்ட் விற்றுக்கொண்டிருந்த காலம் போய், கடை பிடித்த புதிது. துபாயிலிருந்து வந்த காவாந்தண்டலத்துக்காரர் ஒருவர் அந்த மாதிரி வாட்ச் ஒன்றை பெல்ட் மாற்றக் கொண்டுவந்தார். பெரிய முள் நிற்பதைப் பார்த்து நான் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "மெஷின் போயிட்ச்சிங்களே" என்றேன். அவர் மேல் பட்டனை ஓர் அழுத்து அழுத்தினார். முள் ஓடியது. "நீ வாட்ச் கடையை மூடிட்டு எங்கூரு பக்கம் நாத்து நட வந்துடு" என்றார். பக்கத்து டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அன்றைக்கே அந்த மாதிரி வாட்ச் ஒன்று வாங்கி, கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். பிறகு தாலுகா முழுக்க மூணு கண்ணு வாட்ச் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தது. ஆகவே தெரியாமல் இருப்பதில் ஒன்றும் குறையில்லை. உன் அப்பனே வாட்ச் கடைக்காரன், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புத்தகத்துக்கு அடியில் வைத்தாயே, அதைத்தான் சொல்கிறேன்.

கலை கொண்டுவந்து கொடுத்த மறுநாள் அதைத் திறந்தேன். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பின்மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பெல்ட்டுகளைக் கலர்வாரியாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து உன் மாமனார் கடை வாசலில் வந்து நின்றார். ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக வந்தவர், வீட்டுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, கையில் பழப் பையோடு வந்துவிட்டார்.

"இன்னா சம்மந்தி, ஆப்ரேஷன் நடக்குதா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இது நம்ப வாட்ச் மாரி கீதே."

பேப்பரைத் தூக்கி மேலே போட்டு மறைக்கலாமா என்று ஒரு கணம் கை போனது. அதற்குள் கலையே, "நம்ப வாட்ச்தான், நைனா" என்று சொல்லிவிட்டாள்.

"மாப்ள எடுத்துக்கினு போவலியா?"

வியாபாரி வாயில் இதற்குப் பத்து பதில் இருக்கும். சர்வீஸுக்குக் கொடுத்தான், பெல்ட் மாற்றக் கொடுத்தான் என்று எதையாவது சொல்லியிருப்பேன். ஆனால் பெண்ணைக் கொடுத்தவரிடம் முதல் மாசமே பொய் சொன்னால் அதைக் கட்டிக்காக்க ஆயுசுக்கும் பொய் சொல்லவேண்டி வரும். "இல்லீங்க சம்மந்தி, வச்சிட்டுப் போயிட்டான். ஓடலன்னு நெனச்சிட்டான்" என்றேன்.

"ஓடலியா? யாரு சொன்னது ஓடலன்னு?" அவர் குரல் ஏறியது. டீக்கடைப் பக்கம் இரண்டு தலை திரும்பியது. நான் வாட்ச்சைத் திருப்பிப் பிடிக்க, அவர் என் தோளுக்கு மேலாக டயலை எட்டிப் பார்த்தார். "பெரிய முள்ளு நட்ட நடுவுல நின்னுக்கினு கீதே, அத்தச் சொல்றானா? அது நாங்க நிறுத்துனது, சம்மந்தி."

"நீங்களா? எதுக்கு?"

"கரண்ட் போச்சில்ல" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து சொன்னார். மஸ்கட்டில் அவருக்குக் கலவை மெஷின் ஓட்டும் வேலை. ஒவ்வொரு கலவையும் இத்தனை நிமிஷம் சுற்றவேண்டும் என்று கணக்கு, அதற்காக அங்கே வாங்கியது இந்த வாட்ச். ஊருக்குத் திரும்பிய பிறகு அதற்கு வேறு வேலை வந்தது. புள்ளலூரில் அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் விடவேண்டும். மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் போனால் போன நேரம் யார் கணக்கு? நீ அதிகம் விட்டுக்கொண்டாய், எனக்குக் கம்மி என்று தினம் தகராறு. ஒரு தடவை மண்வெட்டியைத் தூக்குகிற அளவுக்குப் போய்விட்டதாம். அப்போதுதான் இவருக்கு வாட்ச் ஞாபகம் வந்தது. மோட்டார் ஓடினால் மேல் பட்டனை அழுத்து, பெரிய முள் ஓடும், குட்டி டயலில் நிமிஷமும் மணியும் ஏறும். கரண்ட் போனால் மறுபடி அழுத்து, எல்லாம் அப்படியே நிற்கும். கரண்ட் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடவிடு. முறை முடிந்தால் கீழ்ப் பட்டன், முள் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். யார் முறையோ வாட்ச் அவர் கையில் இருக்கும்.

"என் தம்பி என்ன நம்பமாட்டான், நானும் அவன நம்பமாட்டேன். ரெண்டு பேரும் இத்த நம்புனோம்" என்றார். "கல்யாணத்துக்கு முந்தின நாளு தம்பி முறை. பாதியில கரண்ட் போச்சி, நிறுத்துனான். பந்தக்கால், மாலை, வேனுன்னு நான் அலஞ்சிக்கினு இருந்தேன். வாட்ச்ச வாங்கி அப்டியே டப்பாவுல போட்டுட்டேன்."

கலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப சித்தப்பாவோட தண்ணி பாதி இந்த வாட்ச்சுல மாட்டிக்கினு கீதா?"

"அதான்டி. அவன் இன்னும் கேட்டுக்கினே கீறான்."

நான் கீழ்ப் பட்டனை அழுத்திப் பெரிய முள்ளைத் திருப்பப் போனேன். உன் மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இரு சம்மந்தி, இரு." குனிந்து, கண்ணைச் சுருக்கி, குட்டி டயலில் மணியையும் நிமிஷத்தையும் படித்தார். கலையிடம் சொல்லி ஒரு தடவை திருப்பிச் சொல்லவைத்தார், சித்தப்பாவிடம் மறக்காமல் சொல்லவேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான், "இப்ப அழுத்து" என்று கையை விட்டார். பாபு, இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு எத்தனையோ வாட்ச் வந்திருக்கிறது. நின்ற முள்ளை இவ்வளவு மரியாதையாகப் பார்த்த ஆளை நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "இவ்ளோ வேலைக்காவற பொருள ஏன் குடுத்தீங்க? புதுசா ஒண்ணு போட்டிருக்கலாமே" என்றேன்.

"உங்க கடையில வாங்கி உங்க பையனுக்கே போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "என்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதான். மாப்ளைக்கு நல்லதத் தர்றதா, மின்னுறதத் தர்றதா?"

இப்போது மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டி, கரண்ட் போகிற நேரத்தைக் கரியால் எழுதி வைக்கிறார்களாம். முந்தின நாள்கூட அதில் ஒரு வாக்குவாதம் என்றார். நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். "சம்மந்தி, வருத்தப்படாதீங்க. இத்த நீங்களே எடுத்துக்கினு போங்க. உங்களுக்கு வேலைக்காவுது. பையனுக்கு நான் வேற ஒண்ணு கட்டிவுடறேன்" என்றேன். உனக்கும் சங்கடம் தீரும், அவருக்கும் பொருள் திரும்பும் என்பது என் எண்ணம். அவர் பழப் பையின் வாயைக் கையில் சுருட்டினார். கலைதான் பேசினாள். "வேணாம் மாமா. அவருக்குன்னு குடுத்தது. அவரு கட்டலன்னா சொல்லுங்க, நான் கட்டிக்கறேன். அங்க நானும் வேலைக்குப் போனா டைம் பார்க்கணுமில்ல." விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதிதான் விளையாட்டு.

தண்ணீர் முறைக்கு நான் வேறு வழி செய்துவிட்டேன். பி.டி. வாத்தியார்கள் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்டாப் வாட்ச் கடையில் இருந்தது, ஒன்றை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினேன். பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தவர், "நிக்குது, ஓடுது. போதும்" என்றார். விசில் மட்டும்தான் குறைச்சல் என்று கலை சொன்னதற்கு, அது உன் சித்தப்பன் வாயிலேயே இருக்கிறது என்றார். அப்படியே அதை மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

இனி வாட்ச் விஷயம். பேட்டரி புதுசு, நல்லதாகப் போட்டிருக்கிறேன். கீழ்ப் பட்டனை அழுத்தியபோது பெரிய முள் பன்னிரண்டில் நிற்காமல் இரண்டு கோடு தள்ளி நின்றது. எவனோ பேட்டரி மாற்றியவன் சரிபார்க்காமல் விட்டிருக்கிறான். சாவியைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு மேல் பட்டனை அமுக்கினால் பெரிய முள் ஒவ்வொரு கோடாக நகரும். பின்னால் வராது, முழுச் சுற்று சுற்றித்தான் வரும். பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அடுத்த தடவை பேட்டரி மாற்றுகிறவனிடம் இதைச் சொல்லிச் செய்யச் சொல். எல்லா வாட்ச்சும் ஒரே மாதிரி இருக்காது, அவனுக்குத் தெரியாது என்றால் கை வைக்க விடாதே, எனக்கு அனுப்பு. சும்மா பார்க்க அழகாக இருக்கிறது என்று பெரிய முள்ளை நாள் முழுக்க ஓடவிடாதே, பேட்டரியைக் குடித்துவிடும். சின்ன செகண்ட் முள் ஒவ்வொன்றாகப் போகாமல் எட்டி எட்டிக் குதிக்க ஆரம்பித்தால் பேட்டரி சாகப்போகிறது என்று அர்த்தம். உடனே மாற்றிவிடு. செத்த பேட்டரியை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து, பச்சை பூத்து, மெஷினையே தின்றுவிடும். நல்ல வாட்ச் கெடுவது ஓட்டத்தினால் அல்ல, டிராயரில் கிடப்பதினால்தான். புனேவில் மழை அதிகம் என்கிறார்கள். ரப்பர் வளையம் மாற்றியிருக்கிறேன், இருந்தாலும் பழைய உடம்பு. குளிக்கும்போது கழற்று, ஈரக் கையோடு பட்டனை அழுத்தாதே.

செயினைப் பற்றி. அது அவர் கைக்கு ஏற்ற அளவு. கண்ணியைக் கழற்றலாம் என்றால் பின்கள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அறுத்து எடுக்கலாம், அறுத்தால் மறுபடி சேராது. எனக்கு மனசு வரவில்லை. எண்ணெய்த் தாளில் சுற்றிப் பார்சலில் வைத்திருக்கிறேன், பத்திரமாக வை. கலை சமைக்கிற சமையலுக்கு நாலைந்து வருஷத்தில் உனக்கே அது சரியாகிவிடும். இப்போதைக்குத் தோல் பெல்ட். இதில் ஒரு சிக்கல் வந்தது. பெல்ட் மாட்டுகிற இடத்தின் அகலம் பெரும்பாலான வாட்ச்சில் பதினெட்டு மில்லி இருக்கும், இல்லையென்றால் இருபது. இது பத்தொன்பது. பதினெட்டு போட்டால் இரண்டு பக்கமும் சந்து தெரியும், பெல்ட்டைக் கோத்துப் பிடிக்கும் கம்பிப் பின்மேல் அது ஆடி ஆடி ஒரு நாள் வாட்ச் ரோட்டில் விழும். இருபதைக் கத்தியால் சீவி நுழைப்பார்கள், தோல் ஓரம் பிசிறிவிடும். வேறொருத்தர் வாட்ச்சாக இருந்தால் நானும் சீவியிருப்பேன். இதற்கு மனசு ஒப்பவில்லை. காஞ்சிபுரத்தில் எனக்கு பெல்ட் சப்ளை செய்யும் பாயிடம் போனேன். "பத்தொம்பதா? இன்னா பேஜார் இது, யாரு கேக்கறாங்க அத்த?" என்று புலம்பிக்கொண்டே மூட்டை மூட்டையாக அவிழ்த்துப் பழுப்பு நிறத்தில் ஒன்றே ஒன்றைத் தேடி எடுத்தார். பையனுக்கு என்றதும் காசு வாங்க மறுத்தார். திணித்துவிட்டு வந்தேன். பின் இரண்டும் புதுசு. பெல்ட் மாற்றும்போதெல்லாம் பின்னையும் சேர்த்து மாற்று. வியர்வை பட்ட தோல் பெல்ட்டை உடனே டப்பாவில் வைக்காதே, ராத்திரி கழற்றிக் காற்றில் வை. பெல்ட் கருத்துப்போனால் மாற்றிவிடு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெல்ட்டோடு வந்த ஓட்டைகள் எதுவும் உன் ஒல்லிக் கைக்கு ஆகாது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. நல்லவேளை, உன் மாமனார் கடைக்கு வந்த அன்றைக்கே, அப்பாவும் பெண்ணும் கிளம்பும்போது, "உன் வூட்டுக்காரரு கை அளவு தெரிஞ்சாத்தான் ஓட்டை போட முடியும். எனக்குத் தெரியாதே" என்று சொல்லியிருந்தேன். உண்மைதான். ஊரில் எத்தனை பேர் கையையோ அளந்தேன், உன்னுடையதை அளந்ததில்லை. நீதான் கடைக்குள் வரவே மாட்டாயே. புனேவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று ரிசீவரை எடுத்தேன். கலை, "இருங்க மாமா" என்றாள். பிறகு கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து ஒரு வட்டம் பிடித்தாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டாள். "இவ்ளோதான்" என்றாள். அவள் அப்பா அந்த நேரம் பார்த்து, பஸ் வருகிறதா என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேசையிலிருந்து ஒரு நூலை எடுத்தேன். அந்த வட்டத்துக்குள் நூலை விட்டு அளவெடுத்துக்கொண்டேன், இடைவெளியையும் சேர்த்து.

அந்த நூல் அளவுக்குத்தான் பெல்ட்டில் புதுசாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன், பெல்ட் செய்தவன் போட்ட ஓட்டைகளைவிட உள்ளே தள்ளி, தனியாக இருக்கும். அதில் மாட்டிப் பார். இறுக்கமாக இருந்தாலும் தளர்வாக இருந்தாலும் எனக்கு எழுதாதே. ஆவணியில் ஸ்டேஷனுக்குப் போகிறபோது கட்டிக்கொண்டே போ, அளவு சொன்னவளிடமே காட்டிக் கேட்டுக்கொள்.

அப்பா